இடப்பக்கத்துக் கரகரப்பு

சனிக்கிழமை காலை, சாரம் பகுதியில் உள்ள அந்த மாடி அறைக்கு அஸாருதீன் மூச்சு வாங்க ஏறி வந்தான். பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு ஸ்பீக்கரை மார்போடு அணைத்திருந்தான். மேசை மேல் இறக்கி வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுல ஏதாவது கோளாறு இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லணும் மேடம். இருக்குதுன்னு சொல்லிட்டீங்கன்னா இன்னையோட கடையை மூடிடறேன்."

மேசைக்குப் பின்னால் இருந்த கார்குழலி அவனை உட்காரச் சொன்னார். வானொலி நிலையத்தில் ஒலிப்பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர் அவர். செல்போனில் பதிவான பேச்சு வெட்டி ஒட்டப்பட்டதா, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம் சட்டத்தை மீறுகிறதா என்பது போன்ற கேள்விகளோடு வக்கீல்களும் வீட்டுக்காரர்களும் அவரைத் தேடி வருவார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ரமீஜா அதே நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். இருவரும் ஒரே வயது, ஒரே பேருந்தில் வேலைக்குப் போனவர்கள். கார்குழலி பேசுவதற்கு முன் யோசிப்பார். ரமீஜா யோசிப்பதற்கு முன் பேசிவிடுவார்.

"யார் உன்னை மிரட்டறாங்க?" என்றார் ரமீஜா.

அஸாருதீன் தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். நெல்லித்தோப்பில் அவனுக்கு ஆடியோ கடை. பொங்கலை ஒட்டி, ரெட்டியார்பாளையத்தில் ஜோசப் ஆனந்த் என்பவர் வீட்டில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுத்திருந்தான். அவர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஆசிரியர். பங்குக் கோயிலில் பாடகர் குழுத் தலைவர். ஒரு மாதத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் போன் செய்தார். முன்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களில் இடது பக்கத்து ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றார்.

"போய்ப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா அவரு பெரிய சங்கீத ஆளு. அவர்கிட்ட எதிர்த்துப் பேச முடியுமா? சரின்னு இந்த ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, அவர் கண்ணு முன்னாடியே சீல் உடைச்சு புதுசு ஒண்ணு மாட்டினேன். மறுநாளே போன். அதே கரகரப்பு. பெட்டி ஒரிஜினல், உள்ள இருக்கறது டூப்ளிகேட்டுன்னு சொல்றாரு."

"அப்புறம்?"

"பங்கு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாரு மேடம். அஸாருதீன் கடையில வாங்காதீங்கன்னு. கோயிலுக்குப் புது ஸ்பீக்கர் செட் போடற வேலையை எனக்குன்னு பேசி வெச்சிருந்தாங்க. அதையும் நிறுத்திட்டாங்க. திங்கக்கிழமை போலீசுக்குப் போறேங்கறாரு. எங்க வாப்பா காலத்துக் கடை. இது வரைக்கும் ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை."

கார்குழலி விரிப்பைப் பிரித்தார். ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரை மெதுவாக ஏற்றிப் பார்த்தார். பிறகு ஒரு பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த காகிதக் கூம்பை விரல் நுனியால் அழுத்தி விட்டார். எங்கும் உரசவில்லை.

"இது நல்ல ஸ்பீக்கர்," என்றார்.

அஸாருதீன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ரமீஜா கார்குழலியின் காதருகே குனிந்து, "இவன் கொண்டு வந்தது தான் அந்த வீட்டு ஸ்பீக்கர்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தார்.

"தெரியாது," என்றார் கார்குழலி. "அதனால அந்த வீட்டுக்குப் போவோம். தம்பி, நீங்களும் வாங்க. உங்க மேல குத்தம் சொல்றவர் எதிர்ல நீங்க இருக்கறது தான் நல்லது. நான் அவருக்குப் போன் பண்ணி அனுமதி வாங்கிடறேன்."

*

ஜோசப் ஆனந்த் வீடு விழுப்புரம் சாலையிலிருந்து இரண்டாவது சந்தில் இருந்தது. மாடி ஹாலில் திரைச்சீலைகள் கனமாகத் தொங்கின. ஒரு பக்கச் சுவரில் பெரிய டிவி, அதன் இரு புறமும் இடுப்புயர ஸ்பீக்கர்கள். எதிரே ஒரு சோபா.

ஜோசப் ஆனந்த் உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை பாக்கெட்டில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு இசைக்கவை செருகியிருந்தது. பாடகர் குழுவுக்குச் சுருதி கொடுக்க எப்போதும் வைத்திருப்பது போலும். அஸாருதீனைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. ஆனால் பெண்கள் இருவரையும் மரியாதையாக உட்கார வைத்தார்.

"நடுநிலையா ஒருத்தர் வந்து கேக்கணும்னு தான் நானும் நினைச்சேன். நீங்க ரேடியோவுல இருந்தவங்க. காது உள்ளவங்க."

அவர் மனைவி ஆனந்தமேரி எல்லோருக்கும் காபி கொண்டு வந்தார். கணவருக்கு மட்டும் தனி டம்ளரில் சுக்குக் காபி.

"சளியா?" என்று கேட்டார் கார்குழலி.

"அது ஆச்சு ரெண்டு வாரம். இப்போ பரவாயில்லை," என்றார் ஜோசப் ஆனந்த். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். "மன்னிக்கணும். இந்த ஃபேன் இரைச்சல்ல எதையும் ஒழுங்கா கேக்க முடியாது."

மார்ச் மாத வெயில். ரமீஜா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார். இறக்கைகள் முழுக்க நின்ற பிறகும் ஜோசப் ஆனந்த் ஒரு முறை நிமிர்ந்து அதைப் பார்த்து முகம் சுளித்ததை ரமீஜா கவனித்தார். இவருக்கு எதைக் கண்டாலும் கோபம் தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஜோசப் ஆனந்த் ரிமோட்டை அழுத்தினார். அவருடைய குழுவே பாடிய ஒரு பாட்டு. முதலில் இடது ஸ்பீக்கரில் மட்டும் கொஞ்சம் ஓடவிட்டார். பிறகு வலதில் மட்டும்.

"வுவாலா! இதோ! கேட்டீங்களா?"

ரமீஜாவுக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்டன. ஆனாலும் அவர் பார்த்த பார்வையில் தலை தானாக ஆடிவிட்டது.

"நீங்க என்ன கேக்கறீங்கன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க," என்றார் கார்குழலி.

"இடது பக்கம் சத்தம் அமுங்கி வருது. தகர டப்பாக்குள்ள பாடற மாதிரி கரகரப்பு. எல்லாத்துக்கும் மேல, சுருதி ஒரு இழை இறங்கி நிக்குது. அது தான் என்னால தாங்க முடியல. வலது பக்கம் சுத்தமா இருக்கு."

"அம்மா, உங்களுக்கு?"

ஆனந்தமேரி காபித் தட்டைப் பார்த்தபடி, "அவருக்குக் கேக்குதுன்னா இருக்கும்ங்க. அவரு காது தப்பாது," என்றார்.

அப்போது சோபாவின் இடது கைப்பிடி மேல் கிடந்த போன் அடித்தது. ஜோசப் ஆனந்த் சட்டென்று வலது பக்கம் திரும்பினார். அங்கிருந்த குட்டி மேசையில் செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தார். "இதோ இங்க," என்று ஆனந்தமேரி தான் எடுத்துக் கொடுத்தார். பள்ளியிலிருந்து யாரோ. பேசி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இதற்குள் ரமீஜா இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்திருந்தார். "கார்குழலி, இங்க வாயேன்."

ஸ்பீக்கருக்கு வரும் ஒயர் புதிதாக இருந்தது. வலது பக்கத்து ஒயர் கறுப்பு, இது வெள்ளை. நடுவில் ஒரு இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தது.

"இது என் வேலை இல்ல," என்றான் அஸாருதீன் உடனே. "நான் ஒட்டுப் போடவே மாட்டேன்."

"நானும் தொடல," என்றார் ஜோசப் ஆனந்த். "யாரு இதை மாத்தினது?"

மேல் மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. சுடிதார் அணிந்த ஒரு பெண் சுவரோரம் வந்து நின்றாள். அவர்களுடைய மகள் மெரின். கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள். அவளும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பது ரமீஜாவுக்கு உடனே பட்டது.

"நான் தான் மாத்தினேன்," என்றாள் மெரின். அதை அம்மாவிடம் சொன்னாள்.

*

ரமீஜா அவளை விடவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கும் சாக்கில் அவளோடு கீழே சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கார்குழலியும் வந்து சேர்ந்தார்.

"உங்க அப்பா மேல உனக்குக் கோபம். அது வரைக்கும் எனக்குத் தெரியுது," என்றார் ரமீஜா. "அதுக்காக ஸ்பீக்கரைக் கெடுத்தியா?"

மெரினுக்குக் கண் கலங்கியது. "கெடுக்கலங்க. சரி பண்ணப் பாத்தேன். ஒயர்ல கோளாறு இருந்தா இப்படி வரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. இந்த வீட்டுல தினம் தினம் இதே பேச்சு. ஒயரை மாத்தினா நிம்மதி கிடைக்கும்னு பாத்தேன். ஒண்ணும் ஆகல."

"கோபம் எதுக்கு?" என்றார் கார்குழலி.

மெரின் குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள். ஈஸ்டர் இரவின் உயிர்ப்புத் திருவிழிப்பில் அல்லேலூயாவைத் தனிக்குரலில் பாட அவளைத் தான் அப்பா தேர்ந்தெடுத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது. தவக்காலத்தின் முதல் வாரப் பயிற்சியில் எல்லோர் முன்னிலையிலும் பாட்டை நிறுத்தி, சுருதி சேரவில்லை என்றார். மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் நிறுத்தினார். "பிசிறடிக்குது. உன் தொண்டைக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தைக் கிளாட்வின் என்ற பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

"நான் அதை செல்போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து கீபோர்டோட சேத்துப் பாத்தேன். சுருதி சரியா தான் இருக்கு. ஆனா அவரு காது தப்பாதே. எங்க பங்கு முழுக்க அப்படித்தான் சொல்வாங்க. அன்னையிலேர்ந்து எனக்கு வாயைத் திறக்கவே பயமா இருக்கு."

"பயிற்சியில பெண்கள் எந்தப் பக்கம் நிப்பீங்க?"

இந்தக் கேள்வி ஏன் என்று மெரினுக்குப் புரியவில்லை. "அப்பாவுக்கு இடது கைப் பக்கம். ஆம்பளைங்க வலது பக்கம்."

"ஸ்பீக்கர்ல உனக்குக் கரகரப்பு கேக்குதா?"

"இல்லைங்க. எனக்கும் கேக்கல, அம்மாவுக்கும் கேக்கல. முதல் நாள் அம்மா அப்படிச் சொன்னதுக்கு, 'உங்களுக்கெல்லாம் காது எங்க இருக்கு'ன்னு கேட்டாரு. அதோட அம்மா வாயை மூடிக்கிட்டாங்க."

கார்குழலி அவள் தோளில் ஒரு முறை தட்டிவிட்டு மாடிக்கு நடந்தார். படியில் ரமீஜா அவரை எட்டிப் பிடித்தார்.

"ஸ்பீக்கர் இல்ல. ஒயர் இல்ல. அப்போ ஆம்ப்ளிஃபையர். இடது பக்கத்துச் சர்க்யூட் போயிருக்கு. அஸாருதீன் கொடுத்தது தானே அதுவும்? அவன் மேல தப்பு வருது!"

"அப்படியும் இருக்கலாம். ஒண்ணொண்ணா இடம் மாத்திப் பாப்போம். கோளாறு எது கூடவே நகருதோ, அதுல தான் கோளாறு."

*

மாடியில் கார்குழலி ஜோசப் ஆனந்தைச் சோபாவின் நடுவில் உட்காரச் சொன்னார். "நானும் தம்பியும் பின்னாடி சில வேலை செய்வோம். என்ன செய்யறோம்னு சொல்ல மாட்டோம். ரமீஜா முதல்ல இடது கைப் பக்கம் பாட்டைப் போடுவா. அடுத்து வலது கைப் பக்கம். முதலாவது கரகரக்குதா, ரெண்டாவதான்னு மட்டும் சொல்லுங்க."

முதலில் இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றினார்கள். அஸாருதீன் வலதைத் தூக்கி இடதில் வைத்தான். இடதை வலதில் வைத்தான். ஜோசப் ஆனந்த் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு ஓடியது.

"முதலாவது," என்றார்.

அடுத்து இரண்டு பக்கத்து ஒயர்களையும் மாற்றினார்கள்.

"முதலாவது. சந்தேகமே இல்ல."

ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில், இடதுக்கு உரிய இடத்தில் வலதையும் வலதுக்கு உரிய இடத்தில் இடதையும் சொருகினார்கள். ரமீஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டார்.

"முதலாவது தான்," என்றார் ஜோசப் ஆனந்த். அவர் குரலில் வெற்றி இருந்தது. "நீங்க என்ன மாத்தினாலும் அது அங்க தான் இருக்கு."

ரமீஜாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, ஒயரை மாற்றியாயிற்று, ஆம்ப்ளிஃபையரை மாற்றியாயிற்று. கோளாறு அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. "சுவர்ல ஏதாவது இருக்குமோ?" என்று அந்த மூலையைத் தட்டிப் பார்த்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

கார்குழலி கைகளைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் உட்காருங்க. மெரினையும் கூப்பிடுங்க. மாத்திப் பாக்க இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. அதுக்கு ஒரு சுழல் நாற்காலி வேணும்."

மெரினின் படிப்பு மேசையிலிருந்து நாற்காலி வந்தது. சோபாவை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு, ஜோசப் ஆனந்தை உட்கார வைத்தார் கார்குழலி. பிறகு நாற்காலியைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். இப்போது அவர் டிவிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து இருந்தார்.

"இது என்ன விளையாட்டு?"

"இந்த ஒரு தடவை மட்டும். ரமீஜா, முன்ன மாதிரியே. அதே ஸ்பீக்கர் முதல்ல, அதே ஸ்பீக்கர் அடுத்து. எதையும் மாத்தாதே."

பாட்டு முதல் ஸ்பீக்கரில் ஓடியது. நின்றது. இரண்டாவதில் ஓடியது. நின்றது.

ஜோசப் ஆனந்த் தலையைச் சாய்த்தார். "இன்னொரு தடவை போடுங்க," என்றார். ரமீஜா போட்டார்.

"ரெண்டாவது," என்றார் அவர், மிக மெல்ல. "இப்போ ரெண்டாவது கரகரக்குது. முதலாவது சுத்தமா இருக்கு."

அஸாருதீன் ஸ்பீக்கர்களைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான்.

கார்குழலி ஒரு ஸ்டூலை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார். "சார், ஸ்பீக்கரை மாத்தினோம், கோளாறு நகரல. ஒயரை மாத்தினோம், நகரல. ஆம்ப்ளிஃபையரை மாத்தினோம், நகரல. உங்களைத் திருப்பினோம். நகந்துடுச்சு. இந்த ஹால்ல இருக்கற எந்தப் பொருளும் கெட்டுப் போகல. உங்க இடது காதுல தான் ஏதோ ஆயிருக்கு."

"என்ன பேசறீங்க!" ஜோசப் ஆனந்த் எழுந்துவிட்டார். "இருபது வருஷமா குழு நடத்தறேன். அறுபது பேர் பாடும்போது ஒருத்தர் தப்பா பாடினா பேர் சொல்லி நிறுத்துவேன். என் காதுல கோளாறா?"

"உங்க காது அவ்வளவு நுட்பமா இருந்ததால தான் கண்டுபிடிக்க முடிஞ்சது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. இங்க வந்து உட்காந்த கொஞ்ச நேரத்துலயே."

"என்ன வார்த்தை?"

"சுருதி."

அவர் புரியாமல் பார்த்தார்.

"கெட்டுப்போன ஸ்பீக்கர் கரகரக்கும். அமுங்கும். அதிரும். ஆனா சுருதியை இறக்க அதால முடியாது. ரெண்டு ஸ்பீக்கருக்கும் போறது ஒரே பாட்டு, ஒரே நேரம், ஒரே வேகம். ஒண்ணுல மட்டும் சுருதி குறைஞ்சு வரவே வராது. நீங்க அதைக் கேட்டதா சொல்றீங்க, பொய் சொல்ற ஆளும் இல்ல. அப்போ பாட்டு காத்துல சரியா வந்து, உங்க காதுக்குள்ள போன பிறகு மாறுது. அப்படித்தான் இருக்கணும்."

ரமீஜாவால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தப் போன்! இடது பக்கம் அடிச்சுது, இவர் வலது பக்கம் தேடினார்!"

"ரெண்டு காதும் சேந்து தான் சத்தம் எந்தப் பக்கம்னு சொல்லும். ஒண்ணு பலவீனமானா நல்ல காது இருக்கற பக்கம் தான் திரும்பத் தோணும்," என்றார் கார்குழலி. "ஃபேனை நிறுத்தின பிறகும் நிமிந்து பாத்தீங்க. இரைச்சல் நிக்கல, இல்லையா?"

ஜோசப் ஆனந்தின் கை அவரை அறியாமல் இடது காதுக்குப் போனது. "ராத்திரியிலயும் கேக்குது," என்றார். "ஃப்ரிட்ஜ்னு நினைச்சேன். சளி வந்தப்போ ஒரு நாள் காலையில எழுந்திரிக்கும்போது காது அடைச்ச மாதிரி இருந்திச்சு. தானா விட்டுடும்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே," என்றார் ஆனந்தமேரி.

ஜோசப் ஆனந்த் பாக்கெட்டிலிருந்து இசைக்கவையை எடுத்தார். முழங்காலில் தட்டி வலது காதருகே பிடித்தார். சிறிது நேரம் கேட்டார். மறுபடி தட்டி இடது காதருகே கொண்டு போனார். அவர் முகம் மாறுவதை எல்லோரும் பார்த்தார்கள். மறுபடி வலது. மறுபடி இடது.

"ரெண்டு சுருதி," என்றார். "ஒரே கவை. ரெண்டு சுருதி கொடுக்குது."

பிறகு தான் அவருக்கு மற்றது உறைத்தது. மெல்லத் திரும்பி, சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தார். "நீ என் இடது பக்கம் தானே நின்ன," என்றார்.

மெரின் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் கார்குழலி. அவர் இவ்வளவு அவசரமாகப் பேசி ரமீஜா கேட்டதில்லை. "இது சளி அடைப்பா இருந்தா நல்லது. ஆனா உள்காதுல திடீர்னு ஏற்படற பாதிப்பும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எங்க நிலையத்துல ஒரு வயலின் வித்வான் இருந்தார். தானா சரியாயிடும்னு ரெண்டு மாசம் காத்திருந்தார். அந்தக் காது திரும்பவே இல்ல. ஆரம்பத்துலயே மருந்து எடுத்தா காப்பாத்த வாய்ப்பு இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் கூட வேணாம். இப்பவே கிளம்புங்க."

ஜோசப் ஆனந்த் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனந்தமேரி அவர் செருப்பைத் தேடி அங்கும் இங்கும் நடந்தார். ஆட்டோவைக் கூப்பிட வேண்டும், எந்த ஆஸ்பத்திரி, சனிக்கிழமை மதியம் காது டாக்டர் இருப்பாரா என்று தனக்குத் தானே பேசிக்கொண்டார்.

அஸாருதீன் தான் முன்னால் வந்தான். "கீழ என் வண்டி நிக்குது, சார். எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் மதியம் வரைக்கும் இருப்பாரு. நான் போன் பண்ணிடறேன். நீங்க வாங்க."

ஜோசப் ஆனந்த் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

*

டாக்டர் அன்றே பரிசோதித்து மருந்தைத் தொடங்கினார். உள்காது நரம்பில் பாதிப்பு. இப்போதாவது வந்தது நல்லதாயிற்று, ஆனால் எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். மாத்திரைகளும், காதுக்குள் போடும் ஊசியும் சில வாரங்கள் தொடர்ந்தன. இரைச்சல் குறைந்தது. சுருதி இரண்டாகக் கேட்பது நின்றது. ஆனால் அந்தக் காதின் கேட்கும் திறன் முழுவதுமாகத் திரும்பவில்லை. மெல்லிய ஒலிகள் இடது பக்கத்தில் இன்னும் அவருக்கு எட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலையே அவர் பங்கு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை, கோளாறு என் காதில், அஸாருதீன் நேர்மையான ஆள், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பெயர் போட்டு எழுதினார். கோயில் வேலை அவனிடமே திரும்ப வந்தது. புதிய ஸ்பீக்கர்களைச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும் என்று கார்குழலியையும் ரமீஜாவையும் அவன் கையோடு அழைத்துப் போனான்.

அவர்கள் போன சாயங்காலம், குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம். பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியிருந்தது. ஜோசப் ஆனந்த் ஆர்மோனியத்துக்கு முன்னால் நின்றிருந்தார். தனிக்குரலை மெரினுக்கே திருப்பிக் கொடுக்க அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்டிருந்தாராம். கிளாட்வினிடம் கொடுத்ததைப் பிடுங்க வேண்டாம் என்று அவள் மறுத்துவிட்டாளாம். கடைசியில் அல்லேலூயாவை முதல் முறை அவன் பாடுவது, இரண்டாம் முறை அவள் பாடுவது என்று முடிவாயிற்று. ஆனாலும் அவள் இன்னும் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஆனந்தமேரி ரமீஜாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

குழு பாடத் தொடங்கியது. சிறிது தூரம் போனதும் ஜோசப் ஆனந்த் கையை உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள். யார் பெயரைச் சொல்லப் போகிறாரோ என்று வரிசைகளில் ஒரு பதற்றம் தெரிந்தது.

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. இடது பக்கம் திரும்பி, முன்வரிசையில் நின்ற மகளைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எனக்கு முழுசா கேக்கல," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மெரின், நீ கேட்டுச் சொல்லு. சுருதி சேருதா?"

பாட்டுத் தாளை இறுக்கிப் பிடித்திருந்த மெரின் தலையை நிமிர்த்தினாள்.

"ரெண்டாவது வரிசை கொஞ்சம் இறங்குதுப்பா," என்றாள். "மறுபடி முதல்லேர்ந்து எடுக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்தார்.